மௌனம் காக்கும் மணி

அமெரிக்காவின் டூசான் நகரிலுள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில், மாணவர் நினைவு மாளிகையில், ஒரு கப்பல் மணி பாதுகாக்கப்பட்டு வருகிறது. 'யுஎஸ்எஸ் அரிசோனா' என்னும் போர்க்கப்பலின் இரு மணிகளுள் அது ஒன்று. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அக்கப்பலில் 1,177 பேர் மாண்டனர். 1944-இல் உருக்கப்படவிருந்த மணியைக் கண்டு காப்பாற்றியவர் அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் ஒருவர்.

கால்பந்து ஆட்டத்தில் தம் அணி வென்றால் அம்மணியை முழக்குவது அங்கு மரபாயிற்று. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது. அரிசோனா மாநிலத்தின் மற்றொரு கல்விக்கூடத்தை வென்றால் மணி ஒலித்ததில்லை. கப்பல் தாங்கிய பெயர் அவர்களுக்கும் உரியதல்லவா!

குருக்ஷேத்திரத்தில் வென்ற தருமபுத்திரர், உற்றாரை இழந்து பெற்ற அரசில் மகிழவில்லை. தம்மவரை வென்ற வெற்றி கொண்டாட்டத்திற்கு உரியதன்று. அம்மணியின் மௌனம் உணர்த்துவதும் இதுவே.

உறவின் எல்லை எது? மாநிலமா, நாடா? எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே ஆன்மா என்கிறது வேதாந்தம். அப்படியானால் அயலார் என்று எவருமில்லை. பிறரைத் தாழ்த்திப் பெறும் எந்த வெற்றிக்கும் மணி முழங்க இடமில்லை. தன் அகந்தையை ஒருவன் வெல்லும் நாளில் உள்ளத்தின் மணி ஒலிக்கட்டும்!