பயின்று முடிந்த நூல்களும் பாசமும்

பொருளை விடுதல் அரிது. அப்பொருளோடு கலந்து நின்ற அன்பின் அடையாளத்தை விடுதல் அதனினும் அரிது. பொன்னையும் மண்ணையும் துறத்தல் பற்றி நம் முன்னோர் பலபட விரித்துரைத்தனர். ஓர் இல்லத்தின்கண் மக்களுக்குக் கல்வி பயிற்றிய சிறு நூல்களைப் பிரியமாட்டாது பெற்றோர் இடர்ப்படுமிடத்துச் சைவசித்தாந்தம் யாது கூறும் என்னும் வினா, நோக்குவார்க்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆராயுங்கால் அவ்வினா பாசத்தின் இயல்பையே சென்று தொடுகின்றது. ஆதலின் அதனை ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

இக்காலத்துப் பெற்றோர் சிலர் தம் மக்களைப் பள்ளிக்கு விடுக்காது இல்லத்திலேயே கற்பித்து வருகின்றனர். 1989-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக அப்பிள்ளைகள் தேர்வெழுதும் வழியும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, அவ்வழியை நாடாத இல்லங்களும் சில காலம் பள்ளிகளாயின. தந்தையே ஆசானாதல் நம் நாட்டிற்குப் புதியதும் அன்று. மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) இளமையில் தமிழ் கற்றது தம் தந்தையார் சிதம்பரம் பிள்ளையவர்களிடத்தேயாம்.

இவ்வாறு கற்பித்த இல்லங்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல நூல்கள் பெருகுகின்றன. அரிச்சுவடியும் வாய்பாடும் ஆத்திசூடியும் படக்கதைகளும் உலகப் படங்களும் அலமாரிகளை நிறைத்துக் கட்டிலின் கீழும் பரணின் மேலும் குடிபுகுகின்றன. பிள்ளைகளோ வளர்ந்து விடுகின்றனர். திருவரங்கத்து இல்லம் ஒன்றில் இந்நிலை வாய்த்ததாகக் கொள்வோம். நூல்களைப் பிறர்க்கு வழங்கிவிடுவதென்று துணிந்து, பை நிறைய அடுக்கிக்கொண்டு பேருந்தேறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் தாயார் இறங்குகின்றார். அங்கே நின்று ஒருமுறை பையைத் திறந்து பார்க்கின்றார். ஒரு நூலின் ஓரத்தில் குழந்தை வண்ணக்கோலாற் கிறுக்கிய கோடுகள் கண்ணிற் படுகின்றன. பாதி நூல்கள் வந்த வழியே திருவரங்கத்திற்கு மீள்கின்றன. இத்தாயாரை நகைப்பது எளிது. அவர் கையை இறுகப் பற்றியது யாது என்று காண்பதே நமக்கு வேண்டுவது.

அந்நூலில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று தாளும் மையும் ஆகிய சடப்பொருள். மற்றொன்று அதனாற் பெறப்பட்ட அறிவு. மூன்றாவது அதனைப் பயின்ற காலத்தின் நினைவு. தாளினை அத்தாயார் விரும்பினாரல்லர். அதனினும் அழகிய புதிய தாள் கொடுப்பினும் அவர் மனம் நிறையாது. அறிவோ முன்னரே குழந்தையின் உள்ளத்திற் புகுந்துவிட்டது. நூல் அகன்றால் எழுத்தறிவு அகலப்போவதில்லை. எஞ்சி நிற்பது நினைவு ஒன்றே. அந்நினைவினையும் பகுத்து நோக்கின் அதனுள் இரண்டு இழைகள் புலப்படும். மடியிலிருந்து எழுத்துக் கூட்டிய மழலையின்பால் வைத்த அன்பு ஓர் இழை. ‘யானே கற்பித்தேன், இஃது என் உழைப்பு’ என்னும் உணர்ச்சி மற்றோர் இழை.

பின்னதனை அறிதல் கடினமன்று. யான் எனது என்னும் செருக்கு ஆணவத்தின் காரியம் என்பது சித்தாந்தம் பயின்றார் யாவரும் அறிந்ததே. முன்னதே ஐயத்திற்கு இடமாவது. அன்பு எவ்வாறு பாசமாகும் என்று வினவுவார்க்கு விடை வருமாறு: எந்தக் குழந்தையை அத்தாயார் நூலினுள் தேடுகின்றாரோ அக்குழந்தை நூலினுள் இல்லை, வளர்ந்து அவர் எதிரிலேயே நிற்கின்றது. ஐந்து வயதின் உருவைப் பற்றிய மனம், பதினைந்து வயதில் எதிர்நிற்கும் மகனைக் காணத் தவறுமாயின், அன்பிற்குரிய பொருளை அன்பின் அடையாளமே மறைத்ததாகும். மறைத்தல் மலத்தின் தொழில். நூலின்மேல் வைத்த பற்று அத்தொழிலைச் செய்யும் அளவிற்கே பாசம் எனப்படும். பிள்ளையைக் காணத் துணைசெய்யும் நினைவு பாசமாகாது.

சத்திரம் பேருந்து நிலையம் மலைக்கோட்டைக்கும் காவிரிக்கும் இடையே அமைந்தது. அங்கு நிற்பார் கண்ணெதிரே உயர்ந்து தோன்றும் குன்றில் எழுந்தருளிய பெருமான் தாயுமானவர் என்னும் திருநாமம் உடையார். அத்தலபுராணம் கூறும் வரலாறு நாம் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண் மகப்பேறு நோக்கித் தன் தாயின் வரவை எதிர்பார்த்திருந்தாள். காவிரி பெருகியமையின் தாய் அக்கரையிலே தடைப்பட்டாள். இறைவன் அத்தாயின் உருவில் வந்து வேண்டுவன யாவும் செய்து பேறு பார்த்தருளினான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபொழுது முன்வந்த தாய் மறைந்தருளினாள். இவ்வரலாற்றில் இறைவன் வந்ததனை யாவரும் போற்றுகின்றனர். அவன் சென்றதனையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். தேவை உளதாகியபொழுது தாயாகி நின்றான். தேவை முடிந்தவிடத்து, ‘யானே பேறு பார்த்தேன்’ என்று அங்கே தங்கி நின்றானில்லை. கற்பித்த பெற்றோர்க்கும், கற்பிக்க உதவிய நூலுக்கும் இந்நெறி பொருந்தும்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘நூல் கலைமகளின் வடிவம். கால் தவறிப் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மரபினர் நாம். நவராத்திரியில் அடுக்கி வைத்து வழிபட்ட நூலை வீட்டினின்றும் அகற்றுதல் தகுமோ?’ என்பது அத்தடை. நன்று, நூலை மதித்தல் என்பது யாது என்பதனை வரலாறு கொண்டே காண்போம்.

ஓலைச்சுவடிகள் வழங்கிய நாளில், பழுதடைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டு பழையதனை ஆடிப் பதினெட்டில் ஆற்றுப்பெருக்கில் விடும் வழக்கம் இருந்தது. ஏட்டிலிருந்த பொருள் வேறோர் ஏட்டிற்கு மாறியபின் பழைய ஏட்டை நீரில் விடுதலே அவ்வழக்கத்தின் கருத்து. பிற்காலத்தில் பெயர்த்தெழுதுதல் நின்றது. ஆற்றில் விடுதல் மட்டும் நிலைத்தது. அதனால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு அளவிடற்கரியது. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டனர் என்று கேட்டு மனம் நொந்ததனை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942) தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார்கள். மதிப்பின் பெயராலேயே அவ்வழிவு நிகழ்ந்தது என்பதனை நோக்குக.

அகற்றியதால் அழிந்தமை ஒரு பக்கம். பூட்டி வைத்ததால் அழிந்தமை மற்றொரு பக்கம். தில்லையில் அறையினுள் காப்பிட்டு வைக்கப்பெற்ற தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பிகளும் சோழமன்னரும் சென்று திறப்பித்தபொழுது அவற்றுட் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது எனத் திருமுறை கண்ட வரலாறு கூறும். அப்பதிகங்களுக்குரிய பண்முறை, திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் மரபில் வந்த ஒரு பெண்மணியாரின் வாயிலாக எருக்கத்தம்புலியூரில் மீண்டும் கிடைத்தது. அறையில் அடைத்த ஏடு சிதலுக்கு இரையாயிற்று. ஒருவர் மற்றொருவர்க்கு வழங்கிவந்த இசை வாழ்ந்தது. இவ்விரண்டு வரலாறுகளாலும் ஒரு முடிபு பெறப்படும். நூலுக்குச் செய்யும் மதிப்பு, அதன் பொருள் தகுந்தவிடம் சேர்தலில் உள்ளது. பொருள் சேருமுன் நூலை விடுதல் பிழை. சேர்ந்தபின் தானும் பயிலாது பிறரையும் பயிலவிடாது அடைத்து வைத்தலும் பிழையே.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் இளமை நிகழ்ச்சி ஒன்று இதற்குத் துணைநிற்கும். தண்டியலங்காரத்தை அறிய அவர்கள் விழைந்த காலத்தில் திருச்சிராப்பள்ளியில் இரந்துண்ணும் பரதேசி ஒருவரிடத்தே அந்நூல் இருந்தது. அவர் அதனை எளிதிற் கொடுக்க இசையவில்லை. பிள்ளையவர்கள் அவருடன் திரிந்து, பணிவிடை செய்து, அரிதின் முயன்றே அந்நூலை அறிந்தார்கள். அருமைப்பட்டுப் பெற்ற அவர்களோ பிற்காலத்தில் தம்மை நாடிவந்த மாணவர்க்கெல்லாம் வரையாது பாடஞ்சொன்னார்கள். கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும் அவர்தம் மாணவருள் ஒருவர். நூலுடைமை பரதேசியிடத்து இருந்தது. நூலின் பயன் பிள்ளையவர்களால் நாடெங்கும் பரவிற்று. சீகாழியில் 1892-இல் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனவர்கள் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதும் நூல் பயன்படுதற்கே உரியது என்பதனையே வற்புறுத்தும்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக வாதிப்பர்: ‘நூலும் மாயையின் காரியம், பற்று எவ்வகையதாயினும் பற்றே. ஆகலின் எல்லாவற்றையும் ஒருங்கே கட்டிப் பழைய தாள் வாங்குவானிடம் நிறுத்துப் போட்டுவிடுதலே துறவு’ என்பர். அஃது பொருந்தாது. மாயேயங்கள் ஆன்மாவிற்குப் பகையல்ல. தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டுவது உயிர் அறிவு விளங்கி ஈடேறுதற்பொருட்டே. பொழுது புலர்ந்தபின் கைவிளக்கு வேண்டா என்பது உண்மை; அதுபற்றி விளக்கை உடைத்தெறிவார் யாவர்? இன்னும் இருளில் நடப்பான் ஒருவன் கையில் அதனைக் கொடுப்பதே முறை. மேலும், மனம் பக்குவப்படாது வலிந்து எறிந்தவன் எறிந்ததனையே பலநாள் எண்ணிக்கொண்டிருப்பான். காய் பறிக்கப்பட்டவிடத்துக் காம்பில் பால் வடியும். கனி உதிருமிடத்து அது வடிவதில்லை. பொருளை விடுதலினும் பொருளின்மேல் நின்ற எண்ணம் பழுத்தலே முன்னர் வேண்டப்படும்.

‘பேரப்பிள்ளைகளுக்கு உதவுமே’ என்பாரும் உளர். சில நூல்கள் உதவும், அதனை மறுப்பாரிலர். ஆயின் காவிரிக்கரை ஈரத்தில் இராமபாணப் பூச்சியும் கரையானும் இருபது ஆண்டு காத்திரா. உலகப் படங்கள் பழமைப்படும்; பாடத்திட்டம் மாறும். இன்று எழுத்துக் கூட்டும் ஒரு குழந்தை அடுத்த தெருவில் நூலின்றி இருக்க, இன்னும் பிறவாத ஒரு குழந்தைக்காக அந்நூல் பரணில் துயிலுதல் அறமாகுமா என்பதனை அவரவரே உய்த்துணர்க.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதற்கண், அந்நூல்கள் பெற்றோருடையன அல்ல, பிள்ளைகளுடையன என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். எதனை வைப்பது, எதனை வழங்குவது என்பதைப் பிள்ளையையே கேட்க. பெரும்பாலும் பெற்றோர் பொன்போற் போற்றிய நூலைப் பிள்ளை எளிதில் ஈந்துவிடும். அவர்கள் பொருட்படுத்தாத ஒன்றனை மார்போடு அணைத்துக்கொள்ளும். அதனால் நினைவு தம்முடையது, பிள்ளையுடையது அன்று என்னும் உண்மை பெற்றோர்க்கு விளங்கும். வழங்குதலும் பிள்ளையின் கையாலேயே நிகழ்க. இல்லத்துப் பள்ளியின் கடைசிப் பாடம் ஈகையாக அமைதல் சாலச் சிறந்தது.

இன்றும் எடுத்துப் படிக்கப்படுவன வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை, இன்ன குழந்தைக்கு என்று எண்ணிக் கொடுக்க. அவ்வாறு ஒருவர் வாய்க்காவிடின் நூலகத்திற்கோ அங்கன்வாடிக்கோ அவர்கள் வேண்டுவது அறிந்து அளிக்க. கிழிந்து பயனற்றவற்றைத் தாளாலைக்கு விடுவதில் நாணவேண்டுவதில்லை. காரியம் தன் காரணத்தில் ஒடுங்கி மீண்டும் வேறொரு காரியமாய்த் தோன்றும் என்பது நம் கொள்கை. பிள்ளை தன் கையால் எழுதிய ஏடு ஒன்றனை மட்டும் வைத்துக்கொள்வது தவறாகாது. அச்சிட்ட நூலுக்குப் படிகள் பல உண்டு. அக்கையெழுத்திற்குப் பிறிதொரு படி இல்லை. ஒன்று நினைவிற்குப் போதும். நூறு சேர்ந்தால் நினைவு சுமையாகும்.

சத்திரம் என்னும் சொல் வழிச்செல்வார் தங்கிச் செல்லும் அறச்சாலையைக் குறிக்கும். அங்கே ஓரிரவு துயின்றவன், பாய் நன்றாயிருந்தது என்று அதனைச் சுருட்டி எடுத்துச் செல்வதில்லை. நன்றியோடு பின்வருவானுக்கு விட்டுச் செல்கின்றான். நூல் நம் இல்லத்தில் அவ்வாறு தங்கிய விருந்து. நாமும் பிள்ளைகளும் நூலினிடத்து அவ்வாறு தங்கியவர்கள்.

இவ்வாராய்ச்சி நூல்களோடு முடிவதன்று. இல்லத்திலேயே கற்பித்த பெற்றோர் பிறரினும் நெடும்பொழுது பிள்ளைகளோடு உடனிருந்தவர். பதினேழு பதினெட்டு வயதில் அப்பிள்ளை கல்லூரிக்கென வெளியூர் செல்லும் நாள் வரும். அதே பேருந்து நிலையத்திற்கு, நூற்பைக்கு மாறாகப் பிள்ளையின் பெட்டியைச் சுமந்து அவர்கள் வருவர். உயிர்கள் யாவும் இறைவன் அடிமை. பெற்றோரிடத்துச் சில காலம் ஒப்புவிக்கப்பெற்றவை. படித்து முடிந்த சிறு நூலை உரிய கையில் மகிழ்ந்து சேர்க்கப் பழகியவர்க்கு, அப்பெரும் பிரிவு வருத்தமின்றி நிகழும் என்று கூறமாட்டோம். வருந்தினும் பிள்ளையின் கையை உரிய பொழுதில் விடுவர் என்பது துணிபு. அதற்குரிய பயிற்சியாக இச்சிறு பிரிவுகளைக் கொள்வார்களாக.