புகைவிடுதலும் தன்னம்பிக்கையும்

சுருட்டும் சிகரெற்றும் உடற்குக் கேடு விளைப்பன என்பதை அறியாதார் இக்காலத்து இலர். புகையிலை பயிரிட்டுப் பொருளீட்டிய யாழ்ப்பாணத்தில், அப்பழக்கத்தை விட முயன்று தோற்றார் பலரை யாம் கண்டுள்ளோம். அவர்க்கு இல்லாதது அறிவோ, வேறொன்றோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

புகையிலையிலுள்ள நிக்கொற்றின், புகையை உள்ளிழுத்த சில நொடிகளுள் மூளையை அடைவது. அதற்குப் பழகிய உடல் அஃதின்றிச் சினமும் உறக்கமின்மையும் உற்று வருந்தும். அவ்வருத்தம் முதற் சில நாட்களில் மிகுந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களிற் பெரும்பாலும் தணியும். 'இதனைக் கடப்பேன்' என்னுந் துணிவுடையான் அதனை முடிவுள்ள துன்பமென எண்ணிப் பொறுப்பான்; அத்துணிவில்லான் தன் இயல்பே அதுவென மயங்கித் தீப்பெட்டியைத் தேடுவான்.

1977ஆம் ஆண்டில் அல்பேட் பண்டூரா என்னும் உளநூலார் இத்துணிவின் பிறப்பை ஆராய்ந்து எழுதினார். தானே செய்து பெற்ற வெற்றி, பிறர் வெற்றியைக் காண்டல், ஊக்கவுரை, தன் உடலுணர்ச்சிகளைத் தான் கொள்ளுமாறு என்னும் நான்கினுள் முதலதே வலியுடையதென்பது அவர் கொள்கை. ஆகவே, காலைத் தேநீரின்பின் ஒரு சுருட்டை விலக்கினான் பெறும் உறுதி, பிரசங்கம் பல கேட்டுப் பெறுவதனினும் மேலாம். (பிரசங்கஞ் செய்வோராகிய எமக்கு இஃது உவப்பான செய்தியன்று.)

ஆயின், துணிவு வேறு, செருக்கு வேறு. யாம் அறிந்த பெரியவர் ஒருவர் நாற்பது நாள் புகையாதிருந்தார். ஒரு மரணவீட்டில் வெற்றிலைத் தட்டத்தோடு சுருட்டும் வர, 'ஒன்று என்னை என் செய்யும்?' என்று எடுத்தார். அதனினுங் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 'கெட்டது கெட்டதுதான், யான் இதற்கு ஆகாதவன்' என நொந்து, மாலையில் ஒரு கட்டு வாங்கினார். 1985இல் மாலற், கோடன் என்போர் தம் நூலில் விளக்கியதும் இச்சோர்வையே. ஒரு சறுக்கலைத் தம் குணத்தின் குற்றமாகக் கொள்வோர் முழுதும் வீழ்தல் எளிது. அவ்விடத்தின் இடராகக் கொள்வோர்க்கு எழுதல் எளிது.

அங்ஙனமாயின் வீழ்ந்தார் பொறுப்பு நீங்கிவிடாதோ என்பார் உளர். நீங்காது. 'யான் எத்தகையன்' என்று தன்னை வைதல் பொறுப்பன்று. தட்டம் மீண்டும் வருங்கால் என் செய்வேன் என்று முன்னரே எண்ணிவைத்தலே பொறுப்பு.

அப்பெரியவர் மறுமாதம் மீண்டும் விட்டார். இப்பொழுது தட்டம் வருமுன் எழுந்து முற்றத்துக்குப் போகின்றார். அதனைக் கோழைமை என்று நகுவாரும் உளர்; அவருட் சிலர் ஒருநாளேனும் விட்டுப் பார்த்திலர்.