பங்காளிச் சண்டையும் வெளியார் துணையும்

 

முஃமின்களில் இரு சாரார் சண்டையிட்டுக் கொண்டால் அவர்களுக்கிடையே சமாதானம் உண்டாக்கும்படியும், வரம்பு மீறியவரைத் தடுக்கும்படியும், அவர் திருந்தியபின் நீதியோடு இணக்கஞ் செய்யும்படியும் ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹுத்தஆலா நமக்குப் பணித்திருக்கின்றான். இக்கட்டளையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆப்கானிஸ்தானத்தின் கதையே போதும்.

1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைப் பிடித்த பொதுவுடைமைக் கட்சியார் தமக்குள்ளேயே பகைத்துக் கொண்டனர். நாட்டுமக்களும் கிளர்ந்தெழவே, படை அனுப்புமாறு ஸோவியத் ருஷ்யாவை வேண்டினர். 1979 டிசம்பரில் படை வந்தது. வந்ததும் செய்த காரியம் என்ன? படை கேட்ட ஆட்சித் தலைவர் ஹபீஸுல்லாஹ் அமீனையே மாளிகையில் வைத்துக் கொன்று, வேறொருவரை அமர்த்திற்று!

மறுபக்கத்தில், ருஷ்யரை எதிர்த்த முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா பணந் தந்தது. ஸவூதி அரேபியாவும் ஈடாகத் தந்தது. பாகிஸ்தான் பங்கிட்டுக் கொடுத்தது. 1986 முதல் விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைகளும் வந்தன. 1989 பிப்ரவரி 15-ல் ருஷ்யர் வெளியேறினர். அதற்குள் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கானியர் அண்டை நாடுகளில் அகதிகளாகி விட்டனர்.

படை போயிற்று, ஆயுதம் போகவில்லை. இரு வல்லரசுகளும் 1991 முடியும் வரை தத்தம் பக்கத்தாருக்கு அனுப்பிக் கொண்டேயிருந்தன. 1992-ல் காபூலில் நுழைந்த இயக்கங்கள் அவ்வாயுதங்களைக் கொண்டே ஒன்றையொன்று தாக்கி, அதுவரை பெரும்பாலும் தப்பியிருந்த நகரைப் பாழாக்கின. கொன்றவனும் கலிமாச் சொன்னவன்; மாண்டவனும் கலிமாச் சொன்னவன்!

அந்நியப் படையை எதிர்த்தது குற்றமென்று நாம் கூறவில்லை. தடுப்பது நடந்தது, நீதியோடு இணங்குவதுதான் நடவாமற் போயிற்று. ஆயுதங் கொடுத்தவர்க்கோ அந்த இணக்கத்தால் ஆதாயமில்லை.

வியாபாரிகளாகிய நமக்கு இது தெரியாததா? ஒரு கடையின் பங்காளிகள் இருவர் பிணங்கும்போது, கேளாமலே ஒருவருக்குக் கடன் நீட்டுகிறவன் பாசத்தால் நீட்டுவதில்லை. கடையின் மேல் கண் வைத்தே நீட்டுகிறான். அந்தக் கடன் பேரேட்டில் ஏறும், ஒருநாள் வசூலாகும்.

ஆகவே, நம் ஜமாஅத்திலும் கூட்டு வியாபாரத்திலும் பாகப்பிரிவினையிலும் பிணக்கு வந்தால், ஒரு பக்கம் சேர்ந்து எண்ணெய் ஊற்றாமல், கணக்கை நடுவில் வைத்து இரு தரப்பையும் உட்கார வைப்போம். ஆதாயம் நாடாத ஒருவரையே நடுவராக்குவோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றாக்கி வைப்பானாக! ஆமீன்.