நீற்றறையும் வீணையும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாதலால், வேளாண்மை மட்டும் வயிற்றுக்குப் போதாத மக்கள் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை நாடினர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்தது போன்ற வெடிவிபத்துகள் அத்தொழில்களின் நிழலாகவே தொடர்கின்றன. வெந்த உடலின் வலியை இசை தணிக்குமா என்னும் மருத்துவ வினா, இந்நிலத்தில் வினைக்கொள்கையையும் உடன் எழுப்புகிறது: வலி முன்வினைப் பயன் என்றால், அதைத் தணிப்பதற்கு என்ன பொருள்?

தீக்காய வலி முதன்மையாக இருவகைப்படும். ஓய்விலும் விடாது எரிவது ஒன்று; கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவி, இறந்த திசுவை அகற்றி, மறுகட்டுப் போடுகையில் எழுவது மற்றொன்று. பின்னதன் கொடுமையை அடுத்த கட்டுமாற்றத்தைப் பற்றிய அச்சமும் வளர்க்கிறது. வலிக்குறிப்புகள் தண்டுவடத்திலேயே பிற புலனுணர்வுகளாலும் மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளாலும் கூட்டப்படுகின்றன, குறைக்கப்படுகின்றன என்று மெல்சாக், வால் ஆகியோர் 1965-இல் முன்வைத்த ‘வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை’ கூறுகிறது. 1979-இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் தந்த வரையறையும் வலியைப் புலனனுபவமாக மட்டுமன்றி உணர்ச்சி அனுபவமாகவும் கொண்டது. எனவே வலிநீக்கி மருந்துக்குத் துணையாகக் கேட்பிக்கப்படும் இசை, புண்ணை ஆற்றுவதில்லை. அச்சத்தையும் கவனத்தையுமே தொடுகிறது.

சைவ மரபு வலியைத் தணிப்பது பற்றிய இவ்வினாவை ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசரின் வாழ்வில் இருமுறை சந்திக்கிறது. சூலை நோயுற்றுத் திருவதிகையில் அவர் பாடிய முதற்பதிகம், செய்த கொடுமைகளைத் தாம் அறியவில்லை என்று முறையிட்டு, பொறுக்கவியலாத வலியை நீக்குமாறு வேண்டுகிறது. பின்னர்ப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள் அடைத்தபோது அவ்வறையே குளிர்ந்தது என்று சேக்கிழார் பாடுகிறார். அப்போது பாடப்பட்டதாகக் கருதப்படும் ‘மாசில் வீணையும்’ பாடலோ நெருப்பைக் குறிப்பிடுவதேயில்லை. இறைவன் திருவடி நிழலுக்கு உவமையாக நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை ஆகியவற்றைச் சொல்லுமுன் வீணையொலியை வைக்கிறது. உடலைக் குளிர்விக்கும் பொருள்களுக்கு முன்னே, உடலைத் தீண்டாத ஒலி நிற்பது கருதத்தக்கது: சூழ்ந்த வெம்மை மாறினாலும் மாறாவிட்டாலும், உள்ளம் சென்று தங்க அதற்கு அப்பால் ஓரிடம் உண்டு என்பதே அவ்வரிசையின் குறிப்பு எனலாம்.

வினைக்கொள்கைக்குரிய விடையும் முதற்பதிகத்திலேயே உள்ளது. நுகர்வினையாகிய பிராரத்தம் உடலோடு வந்தது என்று சைவ சித்தாந்தம் கூறினும், தம் வினையைத் தாமே அறியாதவராக நாவுக்கரசர் நின்று நோய்நீக்கம் வேண்டினார் எனில், பிறர் வலிக்குக் கணக்கெழுத எவருக்கும் உரிமையில்லை. ஆலை விபத்தை விதி என்று சொல்வது, அளவுக்கு மீறிக் குவித்த வெடிமருந்துக் கலவையையும் நெரிசலான அறைகளையும் மறைக்கவே உதவும்.

இசைக்கும் எல்லை உண்டு. இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்னும் பட்டியல்களுக்கு உறுதியான சான்றில்லை. ஒருவருக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் மற்றொருவருக்கு வில்லுப்பாட்டோ திரைப்பாடலோ ஆறுதலாகலாம். மார்ஃபினுக்கு மாற்றாகவோ, அலறலை அடக்கவோ ஒலிக்கும் இசை, வலியோடு மற்றுமொரு சுமையாகும். கடும்வலி மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது தெரிவு செய்யும் ஆற்றலையே. ஆகவே நோயாளி தானே தேர்ந்த, போதும் என்றால் உடனே நிறுத்தப்படும் இசைக்கே சிகிச்சை என்னும் பெயர் பொருந்தும்.