பழக்கியவன் பொறுப்பு

கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் குதிரை நிற்கும் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். வண்டிப் பந்தயத்தில் ஓடிப் பழகிய குதிரையிடம் இவ்வெண்ணம் செல்லாது. சாரதி வாரை இறுகப் பற்றும்போது அந்தப் பிடியில் சாய்ந்து, அதையே ஊன்றுகோலாகக் கொண்டு இன்னும் விசையாக ஓட அது கற்றிருக்கிறது. அத்தகைய குதிரைக்குச் சேணமிட்டு ஒருவர் ஏறுகிறார். அது விரைகிறது. அஞ்சி வாரை இழுக்கிறார். அது மேலும் விரைகிறது. இறங்கியதும் அவர் அதற்குச் சூட்டும் பெயர் முரட்டுக் குதிரை. உண்மையில் அது கீழ்ப்படிந்தது. கற்ற பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது.

செண்பகனூரில் வாழ்வோர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. மேலே, 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு துரை உருவாக்கிய கோடை ஏரியின் கரையில் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. மலைக்கு வடக்கே, பழனி அடிவாரத்துக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஜட்கா வண்டிகளை அறியாதார் இல்லை. கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் திருவிழாக்களை ஒட்டி மாடுகளையும் குதிரைகளையும் பூட்டி ரேக்ளாப் பந்தயம் விடுவதுண்டு. ஓட்டத்துக்கு ஆகாமற்போன குதிரை ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் மோட்டார் வண்டியை விலக்கி வாழும் ஆமிஷ் மக்களின் வண்டிகளை இழுப்பவற்றுள் பல, பந்தயத்தை விட்டு வந்த குதிரைகளே. பந்தய வாழ்வு சில ஆண்டுகள்தாம். குதிரையின் ஆயுளோ 25, 30 ஆண்டுகள்வரை நீள்வது. எஞ்சிய காலத்துக்கு யார் பொறுப்பு என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது.

பந்தய வண்டிக் குதிரை அறிந்த உலகம் மிகக் குறுகியது. சாரதி அதன் பின்னால் அமர்ந்திருக்கிறான். கண்பட்டை இருப்பதால் அவனை அது காண்பதில்லை. அவன் குரலும் நீண்ட வாருமே கட்டளை. விலாவின் இருபுறமும் வண்டித் தண்டுகள். உடலை வளைத்துத் திரும்ப இடமில்லை. மேலைநாட்டு வண்டிப் பந்தயங்களில் மற்றொரு விதியும் உண்டு. குதிரை தன் ஓட்டநடையை விட்டுப் பாய்ச்சலில் இறங்கினால், சாரதி அதை உடனே பழைய நடைக்கு அடக்கிக் கொணர வேண்டும். 1879இல் அமெரிக்காவில் இப்பந்தயக் குதிரைகளுக்குத் தரம் வகுத்தபோது, ஓட்டநடையில் ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடியில் கடப்பதே அளவுகோலாயிற்று. ஸ்டாண்டர்டுபிரெட் என்று அவ்வினம் பெயர் பெற்றதே அந்த அளவுகோலால்தான்.

இக்குதிரையைச் சவாரிக்குத் திருப்புவோர் எதிர்கொள்ளும் வேலை நாம் நினைப்பதிலும் நுண்ணியது. கண்பட்டையைக் கழற்றியதும், முதுகின்மேல் எழும் மனித உருவம் அதன் கண்ணில் படுகிறது. முதுகில் பாய்வது கொல்ல வரும் விலங்கு என்பதே குதிரைக் குலத்தின் பழைய அறிவு. விலாவைக் காலால் அணைத்தால் முன்னே செல் என்று பொருளாம். இதன் விலாவிலோ இதுவரை உரசியது வண்டித் தண்டு, அதற்குப் பொருள் ஏதுமில்லை. ஆகவே நல்ல பயிற்சியாளர் ஏறுவதற்கு விரைவதில்லை. முதலில் தரையில் நின்று, அது முன்பே அறிந்த குரலையும் நீண்ட வாரையும் கொண்டே அதனோடு உறவாடுகிறார். வெறும் சேணத்தைச் சுமக்க விடுகிறார். பின் ஒருவர் வயிற்றை மட்டும் அதன் முதுகில் சாய்த்து இறங்குகிறார். ஏறி அமர்ந்தபின்னும், தெரிந்த குரலோடு தெரியாத கால் அணைப்பைச் சேர்த்துச் சேர்த்தே புதுமொழி கற்பிக்கப்படுகிறது. நிறுத்துவதற்கு வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இராமல், சிறிது இழுத்து உடனே தளர்த்த வேண்டும். இழுத்துப் பழகிய தோள் வேறு, சுமக்க வேண்டிய முதுகு வேறு. எனவே சரிவுகளில் மெல்ல நடத்தி முதுகை உரமேற்ற வேண்டும். இவையெல்லாம் மாதக்கணக்கில் நடப்பவை. ஆண்டுக்கணக்காகத் தடுக்கப்பட்டிருந்த பாய்ச்சலே ஒருநாள் அதனிடம் கேட்கப்படும். அப்போது அது தயங்குமாயின், அந்தத் தயக்கத்தை என்னவென்று சொல்வது?

நாம் அறியாமலே பேசுவதையும் குதிரை கேட்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லி நகரையே வியக்க வைத்தது. அதுவும் வண்டிப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற ரஷ்ய ஓர்லோவ் இனத்தது. 1907இல் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் அதன் மருமத்தை விளக்கினார். விடை வந்ததும், கேட்பவர் தாமே உணராமல் தலையை இம்மியளவு அசைக்கிறார். குதிரை அதைக் கண்டு நிறுத்துகிறது. பலர் இதை ஏமாற்று வெளிப்பட்ட கதையாகச் சொல்வர். இத்துணை கூர்மையாக நம்மைக் கவனிக்கும் உயிர் உண்டென்பதே நமக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

1895இல் இயேசு சபையார் செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரியில் பல்லாண்டுகள் மெய்யியல் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்றோர்க்குப் புனித தோமா அக்குவினாஸின் பழக்கம் பற்றிய கோட்பாடு புதிதன்று. விலங்கு தானாகச் செயற்படும்போது இயல்பூக்கத்தாலேயே இயங்குகிறது. மனிதனின் அறிவு அதைப் பழக்கி ஒரு வகையில் நிலைநிறுத்தும்போது, அதனிடமும் ஒருவாறு பழக்கம் உண்டெனலாம் என்பது அவர் கருத்து. இதிலிருந்து எழும் முடிவைத் தட்டிக்கழிக்க இயலாது. குதிரையின் பழக்கத்தில் குடிகொண்டிருப்பது மனித அறிவு. அதன் விளைவும் மனிதனையே சாரும். பகுத்தறிவற்ற உயிர்களை நட்பு என்னும் பொருளில் நேசிக்க இயலாது என்றும் தோமா எழுதினார். அதை முழுதும் ஏற்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவ்வழக்கு இங்கு வேண்டாம். நேசியாவிடினும் கடன் கடன்தானே. போரடிக்கும் மாட்டுக்கு உண்ணும் உரிமையை வழங்கிய இணைச்சட்ட நூல், உழைப்பால் பிறக்கும் கடனையே அங்கு ஒப்புக்கொண்டது.

கடனைத் தீர்ப்பவர் யார் என்று கேட்டால்தான் சிக்கல் தெரிகிறது. பரிசுப் பணம் முதல் உரிமையாளரிடம் தங்கிவிடுகிறது. தோற்கத் தொடங்கிய குதிரையை மலிவாக வாங்குபவர், கோடை விடுமுறை வருவாயை நம்பி ஆண்டு முழுதும் தீவனம் போட வேண்டிய எளியவர். ஆறு மாதம் பொறுமையாகப் பழக்குங்கள் என்று அவரிடம் உபதேசிப்பது எளிது. அந்த ஆறு மாதம் குதிரையும் வீட்டாரும் உண்ண வேண்டுமே! சவுக்கு விரைவில் வேலை முடிக்கும் என்று அவர் கருதினால், அவரை மட்டும் கொடியவர் என்போமா? சவுக்கை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சவுக்கின் விலையில் ஒரு பங்கு, பரிசுக் கோப்பையோடு முன்பே வேறொருவர் வீட்டுக்குப் போய்விட்டது.

சட்டம் இவ்விடத்தில் நமக்கு அதிகம் உதவவில்லை. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை முடித்தபோது, பந்தயம் சூதா, திறமையா என்பதே முதன்மையான கேள்வி, திறமையென்று தீர்ப்பாயிற்று. 2014இல் சல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் பற்றிய தீர்ப்பு விலங்கின் துன்பத்தையே நேராக நோக்கியது. 2017இல் தமிழகம் கொணர்ந்த திருத்தச் சட்டத்தை 2023இல் அதே நீதிமன்றம் ஏற்றது. மன்றங்கள் பேசியது பந்தய நாளைப் பற்றி. நாம் கேட்பது அதற்குப்பின் வரும் நாள்களைப் பற்றி. வெற்றியின் வருவாயில் ஒரு பகுதியை அக்குதிரையின் மறுபயிற்சிக்கென முன்கூட்டியே ஒதுக்குவது பந்தயம் நடத்துவோரின் கடமை என்பது நம் துணிபு.

பணம் வேண்டாத ஒரு கடமையும் உண்டு. குதிரை கைமாறும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள், வயது தெரிகிறது. குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நடத்தியும் பார்க்கிறார்கள். எந்த ஒலியைக் கேட்டால் அது நிற்கும் என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.