பதினாறு வயதினனை எடைபோடுதல்

2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு தில்லிப் பேருந்தொன்றில் நிகழ்ந்த கொடுமையை நாம் மறந்திருக்க இயலாது. குற்றஞ்சாட்டப்பட்ட அறுவருள் ஒருவன் பதினெட்டு வயதை எட்டச் சில மாதங்களே குறைந்தவன். சிறார் சட்டப்படி அவனுக்குக் கிடைத்தது சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு. 2015 டிசம்பர் 20இல் அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மகளைப் பறிகொடுத்த தாய்க்கு மூன்றாண்டு என்பது என்ன கணக்கு? இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட்டுச் சிறார்க்காகப் பரிந்து பேசுவோர்க்கு நாம் செவிசாய்க்க வேண்டியதில்லை.

குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தை 16 வயது நிறைந்து 18 நிறையாத ஒருவன் செய்ததாகக் கூறப்பட்டால், சிறார் நீதிக் குழுமம் மூன்று மாதத்திற்குள் அவனை எடைபோட வேண்டும் என்கிறது அச்சட்டம். விளைவை உணரும் ஆற்றல் அவனுக்கு இருந்ததெனக் கண்டால், வளர்ந்தோரை விசாரிப்பதுபோல் விசாரிக்க அனுப்பலாம். மரண தண்டனையும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுட்சிறையும் மட்டும் கூடா.

இந்த அளவுகோல் புதியதன்று. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குட்பட்ட குழந்தைக்கு இதனைக் கேடயமாகத் தந்திருந்தது. விளைவை அறியும் முதிர்ச்சியற்ற குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. 2015இல் அக்கேடயத்தையே வாளாகத் தீட்டிவிட்டார்கள்.

கொலை தீதென்று பதினாறு வயதினன் அறியானா? அறிவான், பத்து வயதினனும் அறிவான். ஆனால், அறிதல் வேறு. தோழர்கள் சூழ்ந்து நின்று தூண்டும் வேளையில் தன்னை அடக்கியாளுதல் வேறு. பின்னதே இவ்வயதில் முதிராதது. 2022இல் உச்ச நீதிமன்றம், குழுமத்தில் உளவியல் பயின்றவர் இல்லையெனில் அத்தகையோரின் உதவியைப் பெற்றே தீரவேண்டும் என்றது. நன்று. ஆயினும், உளவியலார் காண்பது பிடிபட்டு நடுங்கி நிற்கும் பையனையன்றோ! குற்றம் நிகழ்ந்த இரவின் மனத்தை அவர் எங்ஙனம் காண்பார்?

நம்மவரிடையே ஒரு கேள்வி எழும். பருவமடைந்தவன் மீது தொழுகையும் நோன்பும் கடமையாகிவிட்ட பின் சலுகை எதற்கு? நியாயமான கேள்வியே. உடலில் அடையாளம் தோன்றாதபோது, பருவ வயது 15 என்றார் இமாம் ஷாஃபிஈ. ஆணுக்கு 18 என்றார் இமாம் அபூஹனீஃபா. ஆனால், எத்தீமின் சொத்தை அவனிடம் ஒப்படைக்கப் பருவமடைதல் மட்டும் போதாதென்று 'அந்நிஸா' அத்தியாயம் கூறுகிறது. அவனைச் சோதித்து, விவேகம் முதிர்ந்திருக்கக் கண்ட பின்பே கொடுக்க வேண்டும். பொருளை ஒப்படைக்கவே இத்தனை தயக்கம்! மேலும், சிறார் சட்டம் அவனைக் குற்றமற்றவன் என்று விட்டுவிடவில்லை. விசாரித்து, குற்றம் மெய்ப்பட்டால் அடைத்தும் வைக்கிறது.

அப்படியாயின் அத்தாயின் வினாவுக்கு என்ன விடை? மூன்றாண்டு வரம்பு குறைவு என்பதே நம் கருத்து. அதனை நீட்டலாம், அதற்காகப் பையனை வளர்ந்தவனாக்க வேண்டியதில்லை. வளர்ந்தவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவனை 21 வயதில் மீண்டும் ஆராய்ந்து, திருந்தியிருந்தால் விடுவிக்கவும், இல்லையேல் சிறைக்கு அனுப்பவும் 2015இன் சட்டமே இடம் வைத்துள்ளது. பல்லாண்டு அருகிருந்து பார்த்தவர்கள் செய்யும் அந்த ஆய்வில் பொருளுண்டு. அதனைச் சிறார் இல்லத்திலேயே, வாசலில் நுழையும்போதன்றி வெளியேறும்போது வைத்தாலென்ன?