மறுக்கக் கற்பித்தல் அதபுக் குறைவா?

பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஸலாம் சொல்லவும் உஸ்தாதுக்கு எதிரே குரல் உயர்த்தாதிருக்கவும் கற்பிக்கிறோம். நல்ல பழக்கங்களே. ஆனால் அதே பெரியவர் தகாத இடத்தில் கை வைத்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொன்னால் வெட்கக்கேடு, பிஞ்சு மனம் கெட்டுவிடும் என்பது பலருடைய எண்ணம்.

அவ்வெண்ணம் சரிதானா? ஸூரா நூரின் 58-ஆவது வசனத்தைப் பார்ப்போம். ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்து ஓய்ந்திருக்கும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. உடலுக்கு மறைவு உண்டு, அதற்கு வேலியும் உண்டு என்பதைச் சிறு பிள்ளைக்கே கற்பிக்கச் சொல்கிறது வேதம். பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொல்லும் ஹதீஸும் இதைச் சேர்ந்ததே. பிறர் அறைக்குள் நுழைய அனுமதி கேட்கும் பிள்ளைக்கு, அதன் உடலுக்கும் அவ்வேலி உண்டென்று சொல்வதில் என்ன வெட்கம்? பாவத்தில் எவருக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் பாலபாடமன்றோ!

சொல்லும் முறையும் எளிதே. குளிப்பாட்டும்போது உம்மா சொல்லலாம்: "இந்த இடங்களை யாரும் தொடக் கூடாது வாப்பா. டாக்டர் பார்த்தாலும் நான் பக்கத்தில் இருப்பேன். யாராவது தொட்டால் சத்தம் போட்டு ஓடி வந்துவிடு. 'உம்மாவிடம் சொல்லாதே' என்று சொன்னால், அதை முதலில் என்னிடம் சொல்." ஏழு வயதுக்கு இவ்வளவு போதும். விலகி நிற்கும் குழந்தையை, "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று வற்புறுத்துவதையும் விட்டுவிட வேண்டும்.

அந்நியரைப் பற்றி மட்டும் எச்சரிப்பது பயன் தராது. மத்திய அரசு 13 மாநிலங்களில் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். அவர்களில் ஆண் பிள்ளைகளே சற்று அதிகம். தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர் குழந்தை அறிந்து நம்பியவர்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் காவலிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் சுமத்த முடியாது. பயத்தில் வாயடைத்து நின்ற குழந்தையிடம், "ஏன் கத்தவில்லை?" என்று கேட்பது கொடுமை. அது வந்து சொன்ன பிறகு பெரியவர்கள் செய்வது என்ன? "ஜமாஅத்தின் மானம் போய்விடும், பிறர் குறையை மறைப்பது நன்மை" என்று பேசுவோர் உண்டு. ஒருவன் தனக்குத்தானே இழைத்துக் கொண்ட பாவத்துக்கான போர்வையை, பிள்ளைக்கு இழைத்த அநீதியின் மேல் போர்த்துவது எப்படித் தகும்? அநீதிக்கு ஆளானவர் அதை உரக்கச் சொல்ல ஸூரா நிஸாவின் 148-ஆவது வசனம் இடம் தருகிறதே! நாட்டின் சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காதிருப்பதும் தண்டனைக்குரியது. உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மஹல்லாவில் நாலு பேர் கூடிப் பேசி முடித்துவிட இதில் இடமில்லை.